இடது பக்கத்துப் பிரேக்

ஈஸ்வரி, குமரேசா,

போன பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது ஈஸ்வரி ஒரு கேள்வி கேட்டாள். அவள் பாடம் சொல்லும் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா வந்து, "இவனுக்குப் பதினெட்டு ஆகப்போகுது, வண்டி ஓட்டணும்னு கேக்குறான், விடலாமா டீச்சர்?" என்றாராம். "நீங்க அத்தனை வருசம் டிரைவிங் சொல்லிக்கொடுத்தீங்களேப்பா, இந்த மாதிரிப் பிள்ளைகளை எப்படிச் சோதிச்சீங்க?" என்று என்னைக் கேட்டாள். காபி ஆறுது என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பதில் தெரியாமல் இல்லை. சொன்னால் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது படித்தவன். பிழை இருந்தால் ஈஸ்வரி திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

எழுபதுகளில் நான் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, போடியில் பெரிய மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஊரே அவரைப் பெரிய மாஸ்டர் என்றது, என்னைச் சின்ன மாஸ்டர் என்றது. சேர்ந்த முதல் வருடமே மலைப்பாதையில் ஒரு ஜீப்பு உருண்டது. ஏலக்காய் எடுக்கப் போன பெண்கள் அதில் இருந்தார்கள். கயிறு கட்டி இறங்கியவர்களில் நானும் ஒருவன். கீழே பாறைமேல் ஒரு தூக்குவாளி மூடி திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. யாரோ எடுத்து வைத்த மாதிரி. அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்குள் நுழைந்த பயம் பிறகு இறங்கவே இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

லைசென்ஸ் கொடுப்பது சர்க்கார். மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் மலையடிவாரத்து முந்தல் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டுக்குப் போகிற டிரைவருக்கு அது போதாது. தோட்டத்துக் கங்காணிகள் புது டிரைவர் வந்தால், "பெரிய மாஸ்டர் என்ன சொன்னாரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர் மூன்று வார்த்தையில் ஒன்றைச் சொல்வார். 'தரை' என்றால் அவன் ஊருக்குள் மட்டும் ஓட்டலாம். 'லோடு' என்றால் மூட்டை ஏற்றி மலை ஏறலாம். 'ஆளு' என்றால் மனிதர்களை ஏற்றலாம். சில பேருக்கு லோடிலிருந்து ஆளுக்கு வர மூன்று வருடம் ஆனது. ஒருத்தனுக்கு வரவே இல்லை. அவன் கடைசிவரை தேங்காய் ஏற்றினான்.

அவருடைய சோதனை இப்படி. முந்தலுக்கு மேலே ஒரு ஏற்றத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்வார். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு தீப்பெட்டியை வைப்பார். "எடுப்பா." வண்டி ஒரு விரல் பின்னால் வந்தாலும் பெட்டி நசுங்கும். நசுங்கினால் திட்ட மாட்டார், நசுங்கிய பெட்டியை ஓட்டினவன் சட்டைப்பையில் போட்டுவிட்டு நடந்து போய்விடுவார். அடுத்தது இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறக்குகிற பழக்கம் நம் ஊரில் உண்டு, அது அவருக்கு ஆகவே ஆகாது. இரண்டாவது கியரில், என்ஜின் பிடியிலேயே இறக்க வேண்டும். கீழே வந்ததும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, பிரேக் டிரம்மில் உள்ளங்கையை வைப்பார். கை பொறுக்காத சூடு இருந்தால் அவன் பிரேக்கை நம்பி வந்தவன். "இவன் காலாலே ஓட்டுறான்" என்பார். அவ்வளவுதான், பெயில்.

எங்கள் ஸ்கூல் ஜீப்பில் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பட்டறையில் கம்பி கொடுத்து இணைத்தது. பழகுகிறவன் தடுமாறினால் மாஸ்டர் மிதிக்க. பெரிய மாஸ்டர் அதன்மேல் கால் வைத்து நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். "தூங்குறீங்களாண்ணே?" என்று ஒரு தடவை கேட்டேன். "கண்ணைத் தொறந்தா பள்ளம் தெரியும்டா. காதைத் தொறந்தாத்தான் டிரைவரு தெரிவான்" என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, மலை ஏற முடியவில்லை. "இனி நீ பாரு. நீ சொல்றதுதான் சொல்லு" என்று என்னிடம் விட்டார். அந்த மாதமே பெருமாள்சாமி அண்ணன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பெருமாள்சாமி அண்ணனை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். காலையில் நம் தெரு முனையில் ஹாரன் அடிப்பாரே, அவர்தான். பதினாலு பெண்களை ஏற்றி மேலே தோட்டத்தில் விட்டு, சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். அந்தப் பதினாலு பேரில் உங்கள் அம்மா ஒருத்தி. குமரேசனுக்கு அப்போது மூன்று வயது.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நேரா இருக்குறது தெரியுது. ஓரத்துல வர்றது தெரியலை. மதுரையில காட்டிட்டேன். நரம்பு போச்சாம், ஆபரேசன் பண்ணிப் பிரயோசனமில்லையாம்."

"யாருக்குத் தெரியும்ணே?"

"உனக்கு மட்டும். வண்டியை நிறுத்துனா எங்க வீட்ல அடுப்பு எரியாது. இன்னும் கொஞ்ச நாள் நான் ஓட்டுவேன். அதுக்கப்புறம் சாமிதான் ஓட்டணும். இல்லை, இவன் ஓட்டணும்."

அன்று காலையில்தான் உங்கள் அம்மா அவர் வண்டியில் ஏறிப் போயிருந்தாள்.

பையன் பெயர் பவுன்ராஜ். வயது பத்தொன்பது. இன்றைக்கு ஈஸ்வரி சொல்லும் பெயர் அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. "ஒரு மாதிரிப் பிள்ளை" என்பார்கள், கொஞ்சம் இரக்கமில்லாதவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். ஒரு கேள்வியை நாலு தடவை கேட்பான். ஆனால் தெருவில் எந்த ஜீப்பு வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வான். அப்பா நியூட்ரலில் இறக்கினால் பின்னால் இருந்து, "நியூட்ரலு தப்பு, நியூட்ரலு தப்பு" என்று கத்திக்கொண்டே வருவான். பெண்கள் சிரிப்பார்கள். "ஏ அப்பு, உங்கப்பனை நீயே பெயிலாக்கிருவே போல" என்பாள் பேச்சியம்மா என்கிற பெரியவள்.

தீப்பெட்டியை அவன் ஒரு தடவைகூட நசுக்கியதில்லை. முதல் நாள் தவிர. அன்றைக்கு நசுங்கியதை எடுத்து விரலால் நிமிர்த்திக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். லைசென்ஸ் சோதனைக்குப் போனபோது, "சார், உங்க கதவு சரியா மூடலை" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கவே இல்லை. அவர் முறைத்தார். பிறகு கதவைத் திறந்து மறுபடி மூடினார். பாஸ் போட்டார்.

பெரிய மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். படுத்துக்கொண்டே கேட்டார்.

"சொல்லிக்கொடுத்ததை எவனும் செய்வான்டா. சொல்லிக்கொடுக்காதது எதுத்தாப்புல வந்தா என்ன செய்யிறான், அதைப் பாரு."

அதையே செய்தேன். நாலாவது வளைவில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தார் டிரம்மை ரோட்டின் இடது பாதியில் நிறுத்திவைத்தேன். பவுன்ராஜ் நிறுத்தினான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். பத்து நிமிடம் ஆனது. இடது பக்கமாகத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தேன், இடது பக்கம் டிரம் இருந்தது. வலது பக்கம் போகலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கோபப்பட்டு என்ன செய்ய? "வழி மறைஞ்சா நிறுத்து. எறங்கிப் பாரு. ஹாரன் அடி. சுத்திப் போ" என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு மாடு மறித்தாலும் இறங்கிப் பார்த்து, ஏறி, ஹாரன் அடித்து, சுற்றித்தான் போவான். பஸ் ஹாரன் அடித்தால் காதைப் பொத்துவான், ஸ்டீயரிங் அநாதையாக நிற்கும். அது என்னைத் தூங்கவிடவில்லை. அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். வளைவுக்கு முன்னால் தானே நீளமாக ஹாரன் அடிப்பான். தன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்தவன் சத்தம் அவனுக்கு வலிக்கவில்லையாம்.

இப்படி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே வந்தேன். ஆனாலும் இறக்கத்தில் அவன் பக்கத்தில் உட்காரும்போது என் கண் பள்ளத்தையே பார்க்கும். பாறைமேல் உட்கார்ந்திருந்த அந்தத் தூக்குவாளி, மூடி திறக்காமல், ஒவ்வொரு வளைவிலும் இருக்கும்.

கீழே வந்து பிரேக் டிரம்மைத் தொட்டேன். சுட்டது. மறுநாளும் சுட்டது.

"பவுனு, ரெண்டாவது கியர்லதானேப்பா எறக்குறே?"

"ரெண்டாவது கியரு. ரெண்டாவது கியரு."

"அப்ப பிரேக்கை ரொம்பப் போடுறே. கொறைச்சுக்க."

"கொறைச்சுக்க" என்று அவனும் சொல்லிக்கொண்டான். பிறகு என்னைப் பார்க்காமல் முன் கண்ணாடியைப் பார்த்து, "மாஸ்டர், இந்த வண்டி பெண்டுல தானாப் பிடிக்கும்" என்றான். பெண்டு என்றுதான் டிரைவர்கள் வளைவைச் சொல்வார்கள்.

"ஆமாப்பா, பழகுன வண்டி" என்று சிரித்துவிட்டேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். பார்த்ததைச் சொன்னான். நான்தான் காதைத் திறக்கவில்லை.

பெரிய மாஸ்டரிடம் டிரம் சூட்டைச் சொன்னேன். "அவன் கியர்லதான் எறக்குறான்னு சொல்றே. சூடும் இருக்குன்னு சொல்றே. அப்ப அது யாரு சூடு?" என்றார். எனக்கு விளங்கவில்லை. வயதாகிவிட்டது, ஏதோ சொல்கிறார் என்று வந்துவிட்டேன்.

கடைசிச் சோதனை அவர்கள் வீட்டு ஜீப்பிலேயே. அதில் இடது பக்கப் பிரேக் கிடையாது. ஆளுக்கொரு மூட்டை என்று பதினாலு மணல் மூட்டை ஏற்றினோம். பெருமாள்சாமி அண்ணன் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்தார். ஏறும்போது குறையே இல்லை. போடிமெட்டில் டீ குடித்தோம். "ஆளு சொல்லிருவீகளா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். "கீழே போய்ச் சொல்றேண்ணே" என்றேன். மனதுக்குள் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இறங்கும்போது முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஏழு வளைவும் அதன் பின்னாலேயே நாங்களும் ஊர்ந்தோம். ஓர் ஊற்றுப் பக்கம் லாரிக்காரன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க ஒதுங்கினான். பாதை திறந்தது. கீழிருந்து எண்ணினால் அடுத்தது பத்தாவது வளைவு.

பவுன்ராஜ் இரண்டாவது கியரில் இருந்தான். நீளமாக ஹாரன் அடித்தான். எல்லாம் சரியாகச் செய்தான். வண்டி மட்டும் மெதுவாகவில்லை. மூட்டைக் கனம் தள்ளியது. வெள்ளையடித்த கல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவன் காத்துக்கொண்டிருந்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அப்போது என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே தகடுதான் இருந்தது. மறுபடி மிதித்தது. மறுபடியும் தகடு.

அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதமாக, ஒவ்வொரு வளைவிலும், எனக்கே தெரியாமல் என் கால் அந்த இடது பக்கப் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. அந்தச் சூடு என் பயத்தின் சூடு. வண்டி தானாகப் பிடிக்கும் என்று நான்தான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போதாததற்கு, பிரேக்கைக் குறை என்றும் சொல்லியிருக்கிறேன். குறைத்தான்.

"நிறுத்து!" என்று கத்தி ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். நிறுத்து என்றால் அவன் நிறுத்துவான். முழுக்காலையும் வைத்து மிதித்தான். வண்டி பக்கவாட்டில் இழுபட்டு, கல்லை இடித்து, முன்சக்கரம் ஒன்று பாதைக்கு வெளியே தொங்க நின்றது. பின்னாலிருந்து ஒரு மூட்டை கழன்று பள்ளத்தில் போனது. முதலில் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பிறகு வெகு கீழே மறுபடி கேட்டது. பதினாலு மூட்டையில் எது உங்கள் அம்மாவின் இடம் என்று என் மனது எண்ணிக்கொண்டிருந்தது.

அண்ணன் இறங்கிச் சுற்றி வந்தார். மகனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். "கொல்லப் பாத்தியேடா, கொல்லப் பாத்தியே!" கன்னத்தில் ஓர் அடி.

"இந்த வண்டி தானாப் பிடிக்கலை" என்றான் பவுன்ராஜ். "அந்த வண்டி பிடிக்கும். இந்த வண்டி பிடிக்கலை."

எனக்கு வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். சொன்னால் சின்ன மாஸ்டர் பேர் போகும், சோலி போகும் என்று ஒரு மூலையில் ஓடியது. இரண்டாவது அடி விழுந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அடிக்காதீகண்ணே. தப்பு என்னோடது. என் காலுதான் பிரேக்கைப் போட்டுக்கிட்டே வந்துச்சு. அவன் முன்னாடியே சொன்னான்."

அண்ணன் ஓங்கிய கையோடு நின்றார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப இவன் பாஸா பெயிலா?" என்று மட்டும் கேட்டார்.

"பெயிலு இவன் இல்லை" என்றேன்.

பெரிய மாஸ்டரிடம் போய் நின்றேன். முழுவதும் கேட்டார். திட்டவில்லை. ஒரு தீப்பெட்டியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார். நசுங்காத பெட்டி. "உன் பிரேக்குக்கு அடியில வையி. நசுங்குனா அன்னிக்குச் சோதனை செல்லாது. அவங்க வண்டியில போகும்போது சம்மணம் போட்டு உக்காரு."

அப்படித்தான் இரண்டு மாதம் போனது. அண்ணனை ஓட்டவிடாமல் காலையிலும் சாயங்காலமும் நானே பெண்களை ஏற்றி இறக்கினேன். மதியம் அதே ஜீப்பில் மணல் மூட்டையோடு பவுன்ராஜ். நான் இடது சீட்டில் சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு. கோயிலில் உட்கார்ந்த மாதிரி ஒரு மாஸ்டர் மலையிறங்கி வருவதைப் பார்த்து முந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். "என்ன மாஸ்டர், தபசா?" என்பார் செக்போஸ்ட்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் செத்துப் பிழைத்தேன். பவுன்ராஜுக்குப் புதுச் சட்டம் ஒன்று கொடுத்தேன்: "எந்த வண்டியும் தானாப் பிடிக்காது. நீதான் பிடிக்கணும்." கல் தெரியும் முன்பே பிடிக்கப் பழகினான். எந்த வளைவுக்கு எங்கே கால் வைப்பது என்று எண்ணி வைத்துக்கொண்டான்.

கடைசி நாள் பெரிய மாஸ்டரே இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். முழுப் பாதையும் கண்ணை மூடியிருந்தார். கீழே வந்ததும் மெதுவாகக் குனிந்து டிரம்மைத் தொட்டார். "சூடு இருக்கு. இருக்கவேண்டிய சூடுதான்." பிறகு என்னைப் பார்த்து, "சொல்லு" என்றார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அவன் மட்டும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆளு. இந்த வண்டி, இந்தப் பாதை, பகல்ல மட்டும். பனி எறங்குனா நிறுத்திரணும். அண்ணன் பக்கத்துல இருக்கணும்" என்றேன். ஈஸ்வரி, இதுதான் நான் கண்ட சோதனை. அந்தப் பையனின் அப்பாவிடம் சொல். பிள்ளையைச் சோதிக்கும் முன்னால் பக்கத்தில் உட்கார்கிறவனைச் சோதிக்க வேண்டும். முடியும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லவும் கூடாது. எந்த வண்டி, எந்தப் பாதை, யார் பக்கத்தில் என்று கேட்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு முடியாது என்று சொல்ல வேண்டியும் வரும். பிறகு இரண்டு பேருக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மா கேட்டாள். "நாளைக்கு அந்தப் பிள்ளையாமே ஓட்டுது. நான் ஏறவா?"

ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிவிட்டேன், என் வீட்டுக்குச் சொல்ல நாக்கு ஒட்டியது.

"ஏறு" என்றேன்.

காலையில் தெரு முனையில் ஹாரன் நீளமாகக் கேட்டது. அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். "ஏ அப்பு, வெரசா எடு, கங்காணி கத்துவான்" என்று பேச்சியம்மா சொல்வது கேட்டது. "கதவு மூடலை, கதவு மூடலை" என்றான் அவன். மூடினார்கள். போனது.

ஈஸ்வரி பள்ளிக்கூடம் போன பிறகு, குமரேசனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் ஸ்கூலுக்கு வந்தேன். யாரும் இல்லை. நிறுத்தியிருந்த ஸ்கூல் ஜீப்பில் ஏறி, வழக்கம்போல இடது பிரேக்குக்கு அடியில் ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டு, இடது சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். முந்தல், செக்போஸ்ட், முதல் வளைவு. இரண்டு. மூன்று. அந்த நேரத்துக்கு அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றாக மனதுக்குள் ஏறினேன். பத்தாவதில் நிறைய நேரம் நின்றேன். பதினேழும் முடிந்த பிறகு கண்ணைத் திறந்து, குனிந்து, பிரேக்குக்கு அடியில் கையைவிட்டுப் பார்த்தேன்.

தீப்பெட்டி தகடாக நசுங்கிக் கிடந்தது. அதை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதிதாக ஒன்றை வைத்தேன்.